கையின் வேகமும் ஊசியின் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசௌரி ராஜ்யத்தின் வடமேற்குப் பகுதியில் ஹாமில்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜனத்தொகை இரண்டாயிரத்தைக்கூட எட்டாத அந்த ஊர், நாடெங்கும் ஜவுளிக் கடைகளை ஸ்தாபித்த ஜே. ஸி. பென்னி 1875-இல் பிறந்த இடம் என்பதைத் தவிர வேறு பெருமை எதையும் நெடுங்காலம் கோரியதில்லை. 2008-ஆம் ஆண்டில் அங்கு வசித்த ஜென்னி டோன் என்னும் அம்மையார், தாம் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த குவில்ட் முகத்துணியை, அதற்கென்று பெரிய யந்திரம் வைத்திருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, தம் முறை வருவதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைக் கண்ட அவருடைய மக்கள், அம்மாவுக்கே அத்தகைய யந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் காத்திருக்கவும் வேண்டாம், மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதில் கொஞ்சம் வருமானமும் வரும் என்று எண்ணி, அதை வாங்கினார்கள். வைப்பதற்கு இடம் போதாமையால் ஊருக்குள் ஒரு கட்டடத்தையும் வாங்கினார்கள். அந்தக் குடும்பம் பிறகு ஒரு பெரிய வியாபார ஸ்தாபனமாக வளர்ந்த கதை வர்த்தக நூல்களுக்கு உரியது. ஒரு போர்வையைத் தைக்கும் யந்திரத்துக்கு ஏன் தனிக் கட்டடம் வேண்டியிருக்கிறது, அதன் முன் நிற்கும் மனிதருடைய கையும் அதனுள் இருக்கும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் வேலையை எவ்விதம் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே நம்முடைய விஷயம்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே பல நிறத் துண்டுகளாலான முகத்துணி, கீழே அடித்துணி, இடையே பஞ்சுப் படலம். முகத்துணியை ஆக்குவது ஒரு கலை. மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்துப் பிணைப்பது வேறொரு கலை. போர்வை உடம்புக்குக் கதகதப்பைத் தருவதாக நாம் சொன்னாலும், உண்மையில் அது எதையும் தருவதில்லை. உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை ஓடிப்போகாமல் தடுக்கிறது. தடுப்பதும் பஞ்சு அன்று, பஞ்சிழைகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்ட காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் விஞ்ஞானிகளின் அலகில் சுமார் 0.025, திண்மப் பொருள்களில் இவ்வளவு சோம்பேறியாக வெப்பத்தைக் கடத்துவது மிக அரிது. ஆனால் அசைந்துவிட்டால் காற்று தன் குணத்தை மாற்றிக்கொண்டு வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். எனவே பஞ்சின் கடமை காற்றைச் சிறைவைப்பது; தையலின் கடமை அந்தப் பஞ்சு சலவையில் இடம்பெயர்ந்து ஒரு மூலையில் கட்டியாகத் திரளாமல் காப்பது. இங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. தையல் விழும் இடத்திலெல்லாம் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறுகிறது; நெருக்கித் தைத்தால் போர்வை உறுதியாகும், ஆனால் கனத்து விறைத்து, கதகதப்பையும் ஓரளவு இழக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தளர்ந்த பருத்திப் பஞ்சுக்கு அங்குலத்துக்கு ஒரு வரி போல நெருங்கித் தைக்க வேண்டியிருந்தது; முள்ளூசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னிய இக்காலத்துப் படலங்களில் சிலவற்றுக்கு எட்டு அல்லது பத்து அங்குல இடைவெளிகூடப் போதும், அந்த அளவை உறையின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

வீட்டுத் தையல் யந்திரத்தில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஏழெட்டு அங்குல இடமே இருக்கும். அறுபது அங்குல அகலமும் எண்பது அங்குல நீளமுமுள்ள போர்வையைப் பாய்போலச் சுருட்டி அந்தச் சந்துக்குள் நுழைத்து இழுத்துத் தள்ளித் திருப்புவதென்பது தோள்பட்டையின் பொறுமையைச் சோதிக்கும் காரியம். இதற்குக் கண்ட பரிகாரம் எளிது, ஆனால் துணிவானது: ஊசி ஓரிடத்தில் நிற்க, தையற்காரர்கள் 'பல்' என்று வழங்கும் உறுப்பு துணியை நகர்த்துகிறது என்ற ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, துணியை நிறுத்திவிட்டு யந்திரத்தை நகரவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள ஒரு சட்டத்தின் உருளைகளில் முகத்துணியும் அடித்துணியும் சுற்றப்பட்டுப் படுக்கை வாட்டில் விரிந்து நிற்கின்றன. பதினெட்டு முதல் முப்பது அங்குலம் வரை நீண்ட கையையுடைய தையல் யந்திரம் ஒரு வண்டியின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த வண்டியோ சட்டத்தின் தண்டவாளங்களில் இடமும் வலமும் ஓடுகிறது. இந்த இரண்டு நேர்கோட்டு ஓட்டங்களையும் சேர்த்தால் தளத்தின் எந்தப் புள்ளியையும் எந்த வளைவின் வழியாகவும் சென்று அடையலாம் என்பது டெகார்ட் வகுத்த வடிவ கணிதத்தின் முதல் பாடம். லாங் ஆர்ம் என்று இந்த யந்திரத்துக்குப் பெயர்.

தையல் என்னவோ பழைய தையல்தான். 1846-இல் எலியாஸ் ஹோவ் உரிமைப் பத்திரம் பெற்ற யந்திரத்தில் ஊசியின் காது முனைப் பக்கத்தில் இருந்தது. மேல்நூலைக் கீழே கொண்டுபோய் ஒரு சிறு கண்ணியாக விட, அதன் வழியே கீழ்நூல் புகுந்து இரண்டும் பூட்டிக்கொள்ளும். நூல்களின் டென்ஷன் சமமாயிருந்தால் அந்தப் பூட்டு பஞ்சுக்கு நடுவே மறைந்து நிற்கும். ஆனால் யந்திரமே ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு புதிய தொல்லை வந்து சேர்கிறது. நிமிஷத்துக்கு 1,800 தையல் என்றால் விநாடிக்கு முப்பது. அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழ, யந்திரம் விநாடிக்கு மூன்று அங்குலம் ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஊசி துணிக்குள் இருக்கிறது என்று கொண்டால், துணிக்குள் இருக்கும்போதே அது முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஊசி வளைகிறது, துணி சற்றே இழுபடுகிறது. இதனால்தான் இந்த யந்திரங்களின் பாதம் துணியைப் பிடித்துக்கொண்டே இராமல், ஊசி இறங்கும்போது தானும் இறங்கி, ஏறும்போது தானும் துள்ளி ஏறித் துணிக்கு விடுதலை கொடுக்கிறது.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு யந்திரத்தை மனம்போன போக்கில் ஓட்டித் தைப்பதே சுயேச்சைத் தையல். ஆதியில் இதைச் செய்தவர்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஊசி தன் பாட்டில் ஒரே வேகத்தில் குத்திக்கொண்டிருக்கும். கை ஒரே வேகத்தில் போகாது. ஊசி விநாடிக்கு இருபத்தைந்து தரம் குத்துகிறது, கை விநாடிக்கு இரண்டரை அங்குலம் போகிறது என்றால் அங்குலத்துக்குப் பத்துத் தையல். நேர்கோட்டில் உற்சாகம் மிகுந்து கை ஐந்து அங்குல வேகத்தை எட்டினால் ஐந்தே தையல், ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டர் நீளம். தூங்குகிறவன் கால்விரல் போய் மாட்டிக்கொள்ளும் அளவு நீண்ட இத்தகைய தையலுக்குக் 'கால்விரல் பிடிப்பான்' என்று அத்தொழிலார் ஒரு பரிகாசப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

கை ஏன் ஒரே வேகத்தில் போகக்கூடாது? அப்பியாசம் போதாததுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். அது முழு உண்மையன்று. 1983-இல் லாக்குவானிட்டி, டெர்ஸுவோலோ, விவியானி என்ற மூவர், மனிதர் தாளில் கோடு வரையும்போது கையின் வேகத்துக்கும் கோட்டின் வளைவுக்கும் உள்ள சம்பந்தத்தை அளந்து ஒரு விதியாக வெளியிட்டார்கள். அதன் சாரம்: வளைவின் ஆரம் எவ்வளவோ அதன் மூன்றாம்படி மூலத்துக்கு ஏற்பக் கையின் வேகம் மாறுகிறது. எட்டு அங்குல ஆரமுள்ள வளைவில் போகும் கை ஒரு அங்குல ஆரமுள்ள சுழிக்கு வந்தால், யாரும் சொல்லாமலே, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். இது சோம்பலும் அன்று, பயமும் அன்று. வரைகிற கையின் இயற்கை. ஆகவே ஒரே வேகத்தில் ஓட்டு என்று கைக்குக் கட்டளையிடுவது அதன் சுபாவத்துக்கு விரோதமானது. அந்தக் கட்டளைக்குப் பணிந்து பல வருஷம் பழகிய விற்பன்னர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் பாட்டியும் தகப்பனும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் மாறி மாறி ஒரே போர்வையில் தைப்பதென்றால், எல்லோரும் விற்பன்னராகும் வரையில் போர்வை காத்திராது.

இதற்கு வழி கண்டவர்கள் கையைத் திருத்தவில்லை, ஊசியைத் திருத்தினார்கள். யந்திரத்தின் சக்கரத்திலும் வண்டியின் சக்கரத்திலும் நுண்ணிய பிளவுகள் வெட்டிய சிறு தட்டுகள் சுழல்கின்றன. தட்டின் ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியை உணரும் கண்கள் இரண்டு. பிளவு கடக்கும்தோறும் ஒளி மின்னி மறைய, எத்தனை மின்னல் என்று எண்ணி யந்திரம் எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும், இரண்டு கண்களில் எது முந்திக் கண்டது என்பதைக்கொண்டு எந்தத் திசையில் ஓடியது என்பதையும் ஒரு சிறு மின்னணுச் சுற்று அறிந்துகொள்கிறது. குறுக்கே ஓடியது ஒரு தொகை, நெடுக்கே ஓடியது ஒரு தொகை. இவற்றை வெறுமனே கூட்டினால் மூலைவாட்டில் ஓடும்போது கணக்குப் பிசகி அங்குலத்துக்குப் பத்துக்குப் பதில் பதினான்கு தையல் விழும். எனவே இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். பிதாகரஸின் பெயரால் பள்ளிக்கூடத்தில் நம்மை வாட்டிய தேற்றம் இங்கே விநாடிக்குப் பல நூறு தடவை சத்தமின்றி வேலை செய்கிறது. குறித்த தூரம் ஓடியானதும் ஊசிக்கு ஒரு குத்து என்று உத்தரவு போகிறது. கை நின்றால் ஊசியும் நிற்கும், கை பாய்ந்தால் ஊசியும் பாயும். தையல் நீளத்தை ஒழுங்காக்கும் இந்தச் சாதனத்தை, கம்ப்யூட்டர் தானே தைக்கும் அதிசயத்தைக் காட்டிலும் பெரிய கண்டுபிடிப்பாகவே நான் கருதுகிறேன். தையலின் நீளம் என்ற இயந்திரத்தனமான பொறுப்பைக் கையிடமிருந்து வாங்கிக்கொண்டு, கோட்டின் வடிவம் என்ற பொறுப்பை மட்டும் அது கைக்கே விட்டுவிட்டது. அதனால் ஒரே போர்வையில் மூவர் தைத்தாலும் தையல்கள் ஒன்றுபோல் இருக்கும். சுழிகள் மட்டும் இது பாட்டி போட்டது, இது பேத்தி போட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

சுழி போடும் வித்தையை ஒருவர் மற்றவருக்கு வாயால் சொல்லிக் கொடுப்பது கடினம். அதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. மான்ட்ரியாலைச் சேர்ந்த ப்ரெண்டா மில்னர் ஆராய்ந்த ஒரு நோயாளி, சத்திர சிகிச்சையின் விளைவாகப் புதிய ஞாபகங்களைச் சேர்த்துக்கொள்ளும் சக்தியை அறவே இழந்தவர்; கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார், ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கையின் அறிவு ஞாபகத்தின் வேறொரு அறையில் தங்குகிறது என்பது 1962-இல் வெளியான அந்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. அனுபவசாலிகள் புதிதாய் வருகிறவர்களை யந்திரத்தின் அருகே விடுவதற்கு முன் ஒரு பலகையில் அதே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்வதற்கும் இதுவே நியாயம்.

இனிக் கம்ப்யூட்டர். அளக்கும் தட்டுகளோடு இரண்டு மோட்டார்களையும் பல்வார்களையும் சேர்த்துவிட்டால், கை செய்ததை யந்திரம் தானே செய்யும். தைக்க வேண்டிய பாதை புள்ளிகளின் வரிசையாக அதனுள் இருக்கிறது. ஒரு மோட்டார் குறுக்கே இழுக்க மற்றொன்று நெடுக்கே இழுக்க, ஊசி அந்தப் புள்ளிகளின் வழியே போகிறது. அறுபதுக்கு எண்பது அங்குலப் போர்வையில் வரிக்கு வரி ஒரு அங்குல இடைவெளி விட்டுத் தைத்தால் 4,800 அங்குலத் தையல், அதாவது சுமார் 122 மீட்டர், 48,000 குத்துகள். நிமிஷத்துக்கு 1,800 வீதம் அரை மணியில் முடிந்துவிட வேண்டும். முடிவதில்லை. கூரிய மூலை வரும்போதெல்லாம் இருபது கிலோவுக்கு மேற்பட்ட கனமுள்ள யந்திரத் தலை ஒரு கணம் நின்று திசை மாறியாக வேண்டும். வேகம் தணியாமல் திரும்பினால் ஜடத்துவம் அதை இழுத்துக்கொண்டு போய், நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும். எனவே கம்ப்யூட்டரும் வளைவில் மெதுவாகவே போகிறது. கையைப் போலவே இதுவும் தணிகிறது, ஆனால் கையின் விதி நரம்புகளில் எழுதியது, இதன் விதி நியூட்டன் எழுதியது.

பாதையை வகுப்பதில் மற்றொரு கணக்கு இருக்கிறது. நூலை அறுத்து மீண்டும் தொடங்குவது தொல்லை. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முடிச்சு வேண்டும். ஆகவே படத்தை ஒரே இழுப்பில் தைக்க வேண்டும். வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் ஒரே இழையாகப் போட்டு முடிப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையின் சுவையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1970-களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவர் சகாக்களும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு படத்தை ஒரே இழுப்பில் வரைய முடியுமா என்பதற்கு ஆய்லர் 1736-இல் விடை கண்டார்: ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் வந்து கூடும் சந்திகள் ஒன்றுமில்லாமலோ இரண்டே இரண்டாகவோ இருந்தால் முடியும். ஜன்னல் போல நான்கு கட்டங்கள் சேர்ந்த ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கங்களின் நடுச் சந்திகளிலும் மும்மூன்று கோடுகள் கூடுகின்றன. ஆகவே முடியாது. சில கோடுகளின் மேல் இரண்டாம் தடவை ஊசி ஓடியே ஆக வேண்டும். இங்கே இரண்டு சிறு கோடுகளை மீண்டும் தைத்தால் போதும். மிகக் குறைந்த தூரம் திரும்பிப் போய் எல்லாத் தெருக்களையும் முடிக்க ஒரு தபால்காரன் என்ன செய்ய வேண்டும் என்ற கணக்கை 1960-இல் க்வான் மெய்-கோ என்ற சீனக் கணிதர் எழுப்பினார். குவில்ட் படங்களைக் கம்ப்யூட்டருக்கு வகுத்துக் கொடுப்பவர்கள், அவர் பெயரைக் கேள்விப்பட்டிராவிட்டாலும், அந்தத் தபால்காரனுக்கே வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

யந்திரத்தால் தைத்தது குவில்ட்தானா என்ற சண்டை ஒரு காலத்தில் மும்முரமாக நடந்தது. கென்டக்கியில் பாடூக்கா நகரத்தில் நடக்கும் அமெரிக்கக் குவில்ட் சங்கத்தின் கண்காட்சியில் 1989-இல் காரில் ப்ரையர் ஃபாலர்ட் என்ற அம்மையார் சூரிய கிரகணத்தைச் சித்திரித்துத் தைத்த போர்வைக்கு முதற்பரிசு கிடைத்தபோது, யந்திரத் தையலுக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. இப்போது அதே சண்டை கம்ப்யூட்டரைக் குறித்து நடக்கிறது. சண்டையிடுகிறவர்கள் இரு தரப்பிலும் ஒன்றைக் கவனிப்பதில்லை: கம்ப்யூட்டருக்குத் துணி என்றால் என்னவென்றே தெரியாது.

துணி கணிதத் தளம் அன்று. பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் அது பிடிவாதமாக நிற்கும். தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் மூலைவாட்டிலோ, கட்டங்கள் சாய்ந்துகொடுக்க, தாராளமாக நீளும். கரைத் துணியை அளந்து வெட்டாமல் ஓரத்தோடு ஓரமாக இழுத்துத் தைத்திருந்தால் கரை அலை அலையாகத் தொங்கும். போதாததற்கு ஒவ்வொரு வரி தைத்ததும் பஞ்சு அமுங்கித் துணி சிறிது உள்வாங்குகிறது. ஒரு பட்டை முடிந்து உருளையைச் சுற்றியபின் அடுத்த பட்டை எங்கே தொடங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் நினைக்கிறதோ அங்கே துணி இருப்பதில்லை. ஆகவே ஒருவர் யந்திரத்தைக் கையால் தள்ளிக்கொண்டுபோய் இது இடக் கோடி, இது வலக் கோடி என்று ஊசி முனையால் காட்ட, கம்ப்யூட்டர் தன் படத்தைச் சற்றே நீட்டியோ சாய்த்தோ அந்த இடத்தில் பொருத்திக்கொள்கிறது.

குடும்பத்தோடு தைப்பதில் மெய்யான கூட்டு வேலை இங்கேதான் இருக்கிறது. அடித்துணி நாலு பக்கமும் நாலு நாலு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். அதன் இரு முனைகளையும் உருளைகளில் தைத்த முரட்டுத் துணியில் ஊசி குத்திச் சேர்க்கையில் ஆளுக்கொரு கோடியில் நின்றால்தான் நேராக வரும். முரசுபோல விறைப்பாக இழுத்துக் கட்டுவது, புதியவர் எல்லோரும் செய்யும் காரியம்; அப்படிக் கட்டினால் துணி சட்டத்திலிருந்து அவிழ்ந்ததும் சுருங்கித் தையல் வரிகளைக் கொசுவமாக்கும். அடியிலிருந்து ஒரு விரலால் குத்தி, மேலேயிருந்து அந்த விரலைத் துணியோடு பிடிக்க முடிந்தால் அதுவே சரியான இழுப்பு என்பது அவர்களுடைய வாய்மொழிச் சாஸ்திரம். சிறுவர்களின் விரல் இதற்கு மிகவும் உதவும். அவர்களால் சட்டத்தின் அடியில் சுலபமாகப் புகவும் முடியும். பிறகு நடுப்பகுதிக்குப் பெரியவர் சுயேச்சையாகச் சுழிகளும் இலைகளும் போட, சுற்றுக் கரைக்குக் கம்ப்யூட்டர் ஒரே அச்சான படத்தைப் போடுவது பல வீடுகளில் வழக்கமான பங்கீடு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கே விட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. கீழ்நூல் தீர்ந்ததும் அவர்கள் ஓடி வருவார்கள்.

இந்த அமைப்பில் என்னைப் பெரிதும் கவர்ந்த வசதி வேறொன்று. மோட்டார்களை விடுவித்துவிட்டு, ஒருவர் கைப்பிடியைப் பற்றி யந்திரத்தை ஓட்டினால், தட்டுகள் அந்த ஓட்டத்தைப் புள்ளி புள்ளியாக எண்ணிப் பதிவு செய்துகொள்ளும். பிறகு அதே பாதையை மோட்டார்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் நடந்து காட்டும். குழந்தை கிறுக்கிய பூனையை இவ்வாறு ஒரு போர்வை முழுவதும் நிரப்பலாம். ஆனால் வயோதிகப் பாட்டியின் கையெழுத்தை அதன் நடுக்கத்தோடு காப்பாற்ற விரும்பினால் இந்த வழி உதவாது. அத்தனை கனமான தலை அந்த நுண்ணிய நடுக்கத்தைத் தன் ஜடத்துவத்தாலேயே விழுங்கிவிடும். எனவே தாளில் எழுதச் சொல்லி, அதைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் கோடாக்கிக்கொள்ள வேண்டும். அப்போதும் கணக்கு முடிந்துவிடவில்லை. கை விநாடிக்கு ஓரங்குலம் போகையில் ஆறு தரம் நடுங்குகிறது என்றால் ஒவ்வொரு நடுக்கமும் தாளில் சுமார் நான்கு மில்லிமீட்டர் நீள அலையாகும். ஓர் அலையைக் காட்ட அதன் நீளத்துக்குள் இரண்டு புள்ளிகளுக்கு மேல் வேண்டும் என்பது 1949-இல் க்ளாட் ஷானன் வெளியிட்ட தேற்றத்தின் உட்பொருள். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டால் தையலொன்று இரண்டரை மில்லிமீட்டர். அலைக்கு இரண்டு குத்துகூட விழாது, பாட்டியின் நடுக்கம் தன் உண்மையான உருவில் தெரியாது. அங்குலத்துக்குப் பதினாறு வைத்தால் நடுக்கம் தெரியத் தொடங்கும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கிக்கொண்டால் அலையும் எட்டு மில்லிமீட்டராகிவிடுமாதலால் வழக்கமான பத்தே போதுமானது. கோடுகளை மெருகிடும் சௌகரியம் ஒன்றும் அந்தக் கம்ப்யூட்டர்களில் உண்டு. அதை நிறுத்திவைக்க வேண்டும். பருத்திப் படலமானால் முதற் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். அதையும் முன்கூட்டியே சேர்த்துத்தான் எழுத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.